இலட்சிய கிராமம், ஏழாம் வகுப்பு ‘பி’ பிரிவு

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வருஷக்கணக்காகச் செய்து அடுக்கிவைத்திருந்த வீடுகளையெல்லாம் பின்னாலிருக்கும் பள்ளத்தில் கொண்டுபோய்க் கொட்டு என்று இருளாயியிடம் சொன்னது ஒரு வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை காலையில் அந்த வீடுகளில் நாங்கள் குடியேறிவிட்டோம்.

இருளாயி அந்தப் பள்ளிக்கூடத்தில் ஆயா. நாலுவழிச் சாலையைப் பார்த்து முகப்பு முழுக்கக் கண்ணாடி பதித்து நிற்கிற அந்தக் கட்டடத்தைக் கூட்டுவதும் துடைப்பதும், சின்னப் பிள்ளைகள் வாந்தி எடுத்தால் அள்ளுவதும் அவள் வேலை. ஏழைப் பிள்ளைகளுக்கென்று அரசாங்கம் ஒதுக்கச் சொன்ன இலவச இடத்தில் அவளுடைய மகள் யோகதர்ஷினி, எங்களுக்கெல்லாம் யோகா, அங்கேயே ஏழாம் வகுப்பு படித்தாள். மாடிப்படிக்குப் பக்கத்தில் மாதிரி அறை என்று ஒன்று இருந்தது. தெர்மாகோலில் செதுக்கிய தாஜ்மகால், ஐஸ் குச்சியில் கட்டிய கோபுரம், பச்சைச் சாயம் தோய்த்த மரத்தூளில் வயல், நீலக் கண்ணாடித்தாளில் ஆறு, செய்தித்தாளை ஊறவைத்துப் பிசைந்து எழுப்பிய எரிமலை, ‘இலட்சிய கிராமம், ஏழாம் வகுப்பு பி பிரிவு’ என்று அட்டையில் எழுதி ஒட்டிய ஒரு முழு ஊர் என்று, பிள்ளைகளின் விரலும் பசையும் பட்டதெல்லாம் அங்கே கூரைவரைக்கும் நின்றது. அந்த வருஷம் தாளாளர் குலசேகரன் எங்கேயோ ஒரு கூட்டத்துக்குப் போய்விட்டு வந்து, இனிமேல் செய்முறைத் திட்டம் எல்லாமே டேப்லெட்டில்தான், பசை, கத்தரிக்கோல், சார்ட், களிமண் எதுவும் பள்ளிக்கூட வாசலைத் தாண்டக் கூடாது என்று அறிவித்தார். டேப்லெட்டுகளுக்குச் சார்ஜ் ஏற்றுகிற அலமாரி வைக்க இடம் வேண்டியிருந்தது. மாதிரி அறையைக் காலி செய்யச் சொன்னார்.

“சார், பிள்ளைக செஞ்சது சார். அதுககிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுத் தூக்குவோம்” என்றாள் இருளாயி.

“எல்லாத்தையும் போட்டோ எடுத்தாச்சு இருளாயி. க்ளவுட்ல பத்திரமா இருக்கு.”

“க்ளவுட்ல இருக்கறது இருக்கட்டும் சார். கையில இருக்கறத என்ன செய்ய?”

“பின்னாடி பள்ளத்துல போடு. தீ வச்சிராத, புகை வரும்.”

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒருகாலத்தில் செங்கல் காளவாசல் இருந்தது. மண்ணைத் தோண்டித் தோண்டி எடுத்துவிட்டு முதலாளிகள் போன பிறகு பள்ளம் மட்டும் புறம்போக்காகக் கிடந்தது. மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிற வேலை முடிந்து வந்த புருஷன் சோலைமலையையும் கூட்டிக்கொண்டு, இருளாயி ஒவ்வொன்றாகத் தூக்கிப்போனாள். அதில் மகள் செய்த வீடும் இருந்தது.

‘என் கனவு வீடு’ என்று அந்த வருஷ ஆரம்பத்தில் செய்யச் சொன்னபோது மற்றப் பிள்ளைகள் பால்கனி வைத்தார்கள், கார் நிறுத்த இடம் வைத்தார்கள். யோகா, செருப்புக்கடை அட்டைப்பெட்டியில் சுவரெழுப்பி, ஊதுபத்திக் குச்சியில் கூரை வேய்ந்து, உள்ளே ஒரு கழிப்பறை கட்டினாள். அதற்குக் கதவு வைத்து, ஊக்கை வளைத்து உள்தாழ்ப்பாளும் போட்டாள். கண்மாய்க் கரையை அழகுபடுத்தப் போகிறோம் என்று அதிகாரிகள் எங்கள் குடிசைகளைப் பிய்த்துப்போட்டு, நாங்கள் மார்க்கெட்டில் வெங்காயக் கொட்டகைக்கு வந்த நாளிலிருந்து, அந்தப் பிள்ளையும் தாயும் விடிவதற்குள் கருவேலங்காட்டுக்குள் போய்வர வேண்டியிருந்தது. கனவு வீடு என்றால் அவளுக்குத் தாழ்ப்பாள்தான் நினைவுக்கு வந்தது. அவள் வகுப்பு ஜாஸ்மின் டீச்சர் அதன் சுவரில் சிவப்பு மையால் ‘4/10. கழிப்பறை தேவையற்றது’ என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

இருளாயிக்கு அதைப் பள்ளத்துக்குள் வீசக் கை வரவில்லை. பள்ளத்துக்குள் இறங்கி, சமதளமாக ஓர் இடம் பார்த்து, காலால் கல்லை ஒதுக்கி, கிழக்குப் பார்த்து வைத்தாள். மகள் வீட்டை வைத்துவிட்டு அடுத்த பிள்ளை வீட்டை எப்படி எறிவது என்று அதையும் பக்கத்தில் வைத்தாள். இப்படியே தெருத் தெருவாக, ஆற்றை ஆறு போகிற வாக்கில் விரித்து, கோயிலை மேட்டில் ஏற்றி, தாஜ்மகாலைக் கடைசியில் நிறுத்தி, வைக்கிற ஒவ்வொன்றுக்கும் தாளாளரை ஒரு வசவு வைது, இருட்டுகிற நேரத்தில் வேலையை முடித்துவிட்டுக் கொட்டகைக்கு வந்து படுத்தாள்.

காலையில் மகளோடு கருவேலங்காட்டுக்குப் போனவள் பள்ளத்தில் ஓர் ஊர் நிற்பதைப் பார்த்தாள். வீடுகள் வீடுகளின் அளவுக்கு வளர்ந்திருந்தன. இருளாயி கத்தவும் இல்லை, சாமி கும்பிடவும் இல்லை. நேராக மகளுடைய வீட்டுக்குள் போனாள், கழிப்பறைக்குள் மகளை அனுப்பினாள், தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்கிறவரை வெளியே நின்றாள். பிறகு கொட்டகைக்கு வந்து, போர்த்திக்கொண்டு கிடந்த எங்களை ஒவ்வொருவராகக் காலால் தட்டி எழுப்பினாள்.

“எந்திரிங்க. வீடு இருக்கு.”

கேள்வி கேட்கிற நிலைமையில் நாங்கள் யாரும் இல்லை. கூரை கொடுப்பவன் ஏன் கொடுக்கிறான் என்று கேட்பதற்கும் ஒரு கூரை வேண்டும். சைக்கிளில் பிளாஸ்டிக் குடம் விற்கிற எனக்குத் தபால் நிலையம் கிடைத்தது. சிவப்புச் சார்ட்டில் செய்த தபால் பெட்டி வாசலில் என் இடுப்புயரம் நின்றது. இட்லிக்கடை வெள்ளத்தாய் தாஜ்மகாலைப் பிடித்துக்கொண்டாள். எரிமலைக்குள் யாரும் போகவில்லை, ஆடுகளைக் கட்டினோம். மற்ற வீடுகளின் நெற்றியில் பிள்ளைகளின் பெயர் எழுதிய சீட்டுகள் கதவகலத்துக்குப் பெரிதாகியிருந்தபடியால் நிதின் வீடு, அஃப்ரின் வீடு, பிரணவ் வீடு என்றே விலாசம் ஆயிற்று.

அசிங்கமான சங்கதியையும் சொல்லத்தான் வேண்டும். வந்து இறங்கிய முதல் நாளே, ஆற்றுக்கு இந்தப் பக்கம் யார், அந்தப் பக்கம் யார் என்று சண்டை வந்தது. கண்மாய்க் கரையில் எப்படிப் பிரிந்து கிடந்தோமோ அப்படியே, கண்ணாடித்தாள் ஆற்றை நடுவில் போட்டுக்கொண்டு பிரிந்து உட்கார்ந்தார்கள்.

“தெர்மாகோல்ல என்னங்கடா மேலத்தெரு, கீழத்தெரு?” என்று இருளாயி நடுத்தெருவில் நின்று கத்தினாள். “ஒரு கொம்பன் வந்து ஊதுனா எல்லாப் பயலும் ஒண்ணாத்தாண்டா பறக்கப் போறீங்க!”

ஒருவரும் அவளை மதிக்கவில்லை. ஆனால் மறுநாள் விடிகாலையில் எல்லாரும் அவள் வீட்டு வாசலில் வரிசையில் நிற்க வேண்டியதாயிற்று. இலட்சிய கிராமத்தில் கோயில் இருந்தது, வங்கி இருந்தது, ஹெலிகாப்டர் இறங்கும் தளம்கூட இருந்தது, கழிப்பறை மட்டும் எந்தப் பிள்ளையும் வைக்கவில்லை. தேவையற்றது என்று ஆள் உயரத்துக்குச் சிவப்பில் எழுதியிருந்த சுவருக்குக் கீழே, ஆற்றுக்கு இந்தப் பக்கத்தாரும் அந்தப் பக்கத்தாரும் வாளியைப் பிடித்துக்கொண்டு ஒருவர் முதுகை ஒருவர் பார்த்து நின்றோம்.

தெர்மாகோல் வீட்டில் இருப்பதற்கென்று ஒரு பழக்கம் வேண்டும். உள்ளே அடுப்பு மூட்டக் கூடாது, சுவர் சுருங்கிவிடும். சாய்ந்து உட்கார்ந்தால் கீச்சென்று சத்தம் வரும், அதனால் யார் வீட்டில் யார் புரண்டு படுக்கிறார்கள் என்பது தெருவுக்கே தெரியும். வீடு முழுக்கப் பசை வாசனை. பேனாவால் வரைந்த ஜன்னல்கள் திறக்காது. ஆனால் வெயில் இறங்காது, மழையில் ஒரு சொட்டு ஒழுகாது. பச்சை மரத்தூள் வயலில் மெய்யான புல் முளைத்தது. வட்டமாக நீலம் அடித்து வைத்திருந்த கிணற்றில் தண்ணீர் இல்லை, அந்த இடத்திலேயே தோண்டினோம், வந்தது.

ஊரும் எங்களைச் சீக்கிரமே பழகிக்கொண்டது. இதெப்படி முளைத்தது என்று கேட்டவர்கள் ஒரு வாரம் கேட்டார்கள், அதற்குப் பிறகு ஆட்டோக்காரர்கள், “எங்க போகணும், தாஜ்மகாலா, எரிமலையா?” என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். கவுன்சிலர் வந்து கட்சிக்கொடி நட்டார். மின்வாரியத்து ஆள் வந்து, தெர்மாகோலில் ஆணி நிற்காது என்பதால் மட்டும் கவலைப்பட்டார். ஐஸ் குச்சிக் கோயிலில் சாமி இல்லையே என்று யாரோ ஒரு பிள்ளையாரைக் கொண்டுவந்து வைத்தார்கள், சங்கடஹர சதுர்த்திக்கு டவுனிலிருந்து கார்கள் வந்தன. வெள்ளத்தாயின் கடைக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டம் தாங்காது. தாஜ்மகாலில் இட்லி சாப்பிட்டேன் என்று படமெடுத்துப் போட்டுக்கொள்ள வந்தவர்கள்தான் அதிகம்.

பிள்ளைகளும் வந்தார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் சுவரேறிக் குதித்து, தாங்கள் செய்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று எட்டிப்பார்த்தார்கள். நிதின் என்கிற பையன் தன் வீட்டில் இருந்த கிழவரிடம் போய், “சாரி தாத்தா, ஜன்னல் வெட்ட மறந்துட்டேன்” என்றான். இருவருமாக ரம்பத்தை வைத்து வெட்டினார்கள். அஃப்ரின் கூட்டாளிகளோடு வந்து, பிரிந்துபோன மூலைகளுக்கெல்லாம் பசை காய்ச்சி ஒட்டினாள். டேப்லெட்டை ஓரமாக ஒரு கல்லின் மேல் வைத்துவிட்டு, முழங்கைவரை பசையை அப்பிக்கொண்டு அந்தப் பிள்ளைகள் எங்களிடம் வேலை செய்த நாட்கள் கொஞ்சம்தான் என்றாலும், அவர்களை அதட்டி வீட்டுக்கு விரட்டுவதே எங்களுக்குச் சாயங்கால வேலையாக இருந்தது.

ஒருநாள் ஜாஸ்மின் டீச்சர் வந்தார். யோகாவின் வீட்டு முன்னால் நின்று தன் கையெழுத்தை அண்ணாந்து பார்த்தார்.

“இருளாயி அக்கா, அத அழிச்சிருங்க. நானே பெயிண்ட் வாங்கித் தாரேன்.”

“இருக்கட்டும் டீச்சர். இதப் பாத்துக்கிட்டுத்தான் நாங்க எல்லாரும் வெளிக்குப் போறோம்.”

டீச்சர் வந்த வழியே திரும்பிப் போனார்.

அந்தச் சமயத்தில்தான் தாளாளருக்கு அந்தப் பள்ளத்தின் மேல் கண் விழுந்தது. டேப்லெட் கட்டடம் ஒன்று வேண்டும், அதற்குப் பக்கத்தில் நீச்சல் குளம் வேண்டும் என்று நினைத்தார். நினைத்ததை மனுவாகக் கொடுக்காமல், பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடமாகக் கொடுத்தார். ‘எதிர்கால நகரம்’ என்று தலைப்பு. பள்ளிக்கூடத்தைச் சுற்றியுள்ள இடத்தின் படம் டேப்லெட்டில் வரும், அதன் மேல் கட்டடங்களை விரலால் இழுத்துக் கொண்டுவந்து வைக்க வேண்டும். யோகாவும் வகுப்பில் டேப்லெட்டைத் திறந்தாள். பள்ளம் இருக்கிற இடத்தில் வெறும் மண்ணிறம். வீடு ஒன்றும் இல்லை. சரி, நாமே வைப்போம் என்று தேடினாள். வில்லா இருந்தது, அடுக்குமாடி இருந்தது, மால் இருந்தது, நீரூற்று மட்டும் பலவகையில் இருந்தது.

“மிஸ், எங்க வீடு இதுல இல்ல மிஸ்.”

“இருக்கறதுல ஏதாச்சும் ஒண்ண வையி யோகா” என்றார் ஜாஸ்மின் டீச்சர், அவள் முகத்தைப் பார்க்காமல்.

“எதுலயும் ஆளே இல்ல மிஸ்.”

அவள் ஒன்றும் வைக்கவில்லை. அவளுக்குப் பதிலாக வேறு யாரோ நீச்சல் குளத்தை இழுத்து வைத்தார்கள்.

அதற்கடுத்த வாரம் தாசில்தார் வந்தார். நல்ல மனிதர் போலத்தான் பேசினார். வெள்ளத்தாய் கடையில் உட்கார்ந்து இட்லிக்குச் சொல்லிவிட்டு, கையில் வைத்திருந்த டேப்லெட்டைப் பார்த்தபடி, “இது காலி இடம்மா. ஸ்கூலுக்குக் குத்தகைக்கு விடப்போறோம்” என்றார்.

இருளாயி அங்கேதான் இருந்தாள். “சார், நீங்க இப்ப எங்க ஒக்காந்து சாப்புடுறீங்க?”

“நான் ஒக்காந்திருக்கறது வேற விஷயம். இங்க பாருங்க.” படத்தைத் திருப்பிக் காட்டினார். மண்ணிறம். தாஜ்மகாலின் நிழல்கூட விழவில்லை. “வானத்துலேர்ந்து எடுத்தது. யார் மேலயும் இதுக்குப் பகை கிடையாது.”

“மேலேர்ந்து எடுத்தவுகள கீழ எறங்கிப் பாக்கச் சொல்லுங்க சார்.”

“அப்டேட் ஆகும்மா. அப்டேட் ஆனா பாப்போம். கொஞ்சம் சட்னி ஊத்துங்க.”

ஊற்றினாள் வெள்ளத்தாய். பசித்தவன் கேட்டால் ஊற்றித்தான் பழக்கம். அந்தச் சட்னியை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

பள்ளிக்கூடத்தில் கண்காட்சி வைத்தார்கள். மாவட்டத்துப் பெரிய அதிகாரி ஒருவர் வந்திருந்தார். பெரிய திரையில் எதிர்கால நகரம் பச்சைப்பசேலென்று சுழன்றது. இலவச இடத்தில் படிக்கிற பிள்ளை பேசினால் பார்க்க நன்றாக இருக்கும் என்று தாளாளரே யோகாவின் கையில் மைக்கைக் கொடுத்து, நீச்சல் குளத்தை விளக்கச் சொன்னார்.

யோகா திரையைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: “இது நீச்சல் குளம். இந்த எடத்துலதான் எங்க கக்கூஸ் இருக்கு.”

எல்லாரும் சிரித்தார்கள். பெரிய அதிகாரி சிரித்துக்கொண்டே கை தட்டினார், அவர் தட்டியதும் மண்டபமே தட்டியது.

பின்னால் தரை துடைத்துக்கொண்டிருந்த இருளாயி, துடைப்பானைக் கையில் பிடித்தபடியே நடுவில் விரித்திருந்த சிவப்புக் கம்பளத்தில் நடந்து வந்தாள். “யோகா, எறங்கி வா” என்றாள். பிறகு அதிகாரியைப் பார்த்துக் கேட்டாள்: “எதுக்கு சார் கை தட்டுனீங்க?”

“பாப்பா நல்லாப் பேசினாம்மா.”

“என்ன பேசுனா?”

அவர் தாளாளரைப் பார்த்தார். தாளாளர், “ஆயாம்மா கொஞ்சம் உணர்ச்சிவசப்படுறாங்க சார்” என்றார்.

“எம்மக பேசுனது ஒங்களுக்குக் கேக்கல. சத்தம்தான் கேட்டுருக்கு” என்றாள் இருளாயி. “நாயி கொலைச்சாக்கூட எதுக்குக் கொலைக்குதுன்னு வெளிய வந்து பாப்பாக சார்.”

அன்று சாயங்காலமே அவளை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். ஒழுங்கீனம் என்று எழுதி யோகாவின் கையில் மாற்றுச் சான்றிதழைக் கொடுத்தார்கள்.

பொக்லைன் ஒரு காலை நேரத்தில், வெயில் நன்றாக ஏறிய பிறகு வந்தது. கூடவே போலீஸ் வந்தது. யாருமே இல்லாத காலி இடத்துக்கு எதற்காக அத்தனை பெண் போலீஸ் என்று இருளாயி கேட்டாள். எங்களில் ஆண்கள் ஆற்றின் மேல் படுத்தோம். கண்ணாடித்தாளில் வழுக்கவிட்டு ஒவ்வொருவராக இழுத்து வேனில் ஏற்றுவது அவர்களுக்குச் சுலபமாக இருந்தது. சோலைமலை மட்டும் ஒரு போலீஸ்காரரின் இடுப்பு பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு, வாய்விட்டு அழுதபடியே விடமாட்டேன் என்று தொங்கினான். பள்ளிக்கூடத்து மாடி ஜன்னல்களில் பிள்ளைகளின் முகங்கள் அடைந்து நின்றன. பிறகு யாரோ உள்ளேயிருந்து திரைச்சீலையை இழுத்துவிட்டார்கள்.

வேன் ஜன்னல் வழியாக நாங்கள் பார்த்துக்கொண்டிருக்க, தாஜ்மகாலைத்தான் முதலில் இடித்தார்கள். இரும்புக்கை உள்ளே போனதும் அது விழவில்லை, உதிர்ந்தது. வெள்ளை வெள்ளையாகக் கடுகளவு மணிகளாக உதிர்ந்து, காற்றில் ஏறி, பொக்லைன் ஓட்டுகிறவனின் முகத்தில் அப்பியது. அவன் துடைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டுக் கண்ணை இடுக்கிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தான். நிதின் வீடு, அஃப்ரின் வீடு, பிரணவ் வீடு, நான் இருந்த தபால் நிலையம், எல்லாம் போயின. கடைசியாக இருளாயியின் வீட்டுக்கு வந்தார்கள். அவள் கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். கதவைப் பெயர்த்து, நாலு பெண் போலீஸ் கையையும் காலையும் பிடித்துத் தூக்கி வந்தார்கள். தூக்கி வருகிறபோது அவள் அழவில்லை, வையவில்லை. தாசில்தாரைத் தாண்டுகிறபோது மட்டும், “இப்பமாச்சும் தெரியுதா சார்?” என்றாள். அட்டைச் சுவரை இரும்புக்கை ஒரே மடிப்பாக மடித்துப் பள்ளத்து மண்ணில் தள்ளியது.

அப்புறம் காற்று எழுந்தது. பள்ளம் முழுக்கக் கிடந்த வெள்ளை மணிகளை அது மொத்தமாக அள்ளிக்கொண்டுபோய் டவுனுக்குள் கொட்டியது.

தெர்மாகோல் மணி ஒட்டினால் எப்படி ஒட்டும் என்று கையில் எடுத்தவர்களுக்குத் தெரியும். உதறினால் அந்தக் கையிலிருந்து இந்தக் கைக்குத் தாவும். எங்கள் ஊரில் அது ஒட்டியது ஒட்டியதுதான். தாசில்தாரின் மீசையில் ஒட்டியது. கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளையின் பட்டு வேட்டியில் ஒட்டியது. சோற்றில் விழுந்தது, சாம்பாரில் மிதந்தது, தூங்குகிறவர்களின் இமையில் வரிசையாக உட்கார்ந்தது. பள்ளிக்கூடத்துக் கண்ணாடி முகப்பு வெள்ளைச் சுவராயிற்று. டேப்லெட் ஒவ்வொன்றின் முகத்திலும் மணிகள் மொய்த்து, விரல் வைத்தால் திரை கேட்கவில்லை. தண்ணீர் ஊற்றிக் கழுவினார்கள், காற்றடிக்கிற இயந்திரம் வைத்து ஊதினார்கள், வெளியூரிலிருந்து ஆள் கூட்டிவந்தார்கள், வந்த ஆளும் வெள்ளையாகத் திரும்பிப்போனான்.

ஊர் அதையும் பழகிக்கொண்டது. அதுதான் எங்களுக்குத் தாங்க முடியாத ஆத்திரம். ஒரு மாதத்துக்குள் வெள்ளைச் சட்டைதான் நல்லது என்று எல்லாரும் வெள்ளையே உடுத்த ஆரம்பித்தார்கள். மணி ஒட்டாத பண்டம் என்று விளம்பரம் போட்டு ஒருவன் இனிப்புக்கடை வைத்தான். சோற்றைப் பிசைவதற்கு முன்னால் மணியைப் பொறுக்கிப் போடுவது குழந்தைகளுக்குக்கூடக் கை வந்துவிட்டது. இது எங்கிருந்து வந்தது என்று மட்டும் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

எங்கள் மேல் ஒரு மணியும் ஒட்டவில்லை. வெங்காயக் கொட்டகைக்கே திரும்பி வந்திருந்த நாங்கள் எல்லாரும் சுத்தமாக இருந்தோம். அதுவே எங்களுக்கு அடையாளமாகப் போயிற்று. ஜவுளிக்கடை வாசலில் காவலாளி, உடம்பில் மணி இல்லாதவர்களைப் பார்த்தால், “பள்ளத்து ஆளா? அங்கிட்டே நில்லு” என்பான். சட்டையில் ஒரு மணிகூட இல்லை என்பதற்காக மூட்டை தூக்கும் வேலையைக்கூடச் சோலைமலைக்குத் தர மறுத்தார்கள்.

ஜாஸ்மின் டீச்சர் ஒரு மத்தியானம் கொட்டகைக்கு வந்து, வெங்காயச் சாக்கின் மேல் உட்கார்ந்தார். வேலையை விட்டுவிட்டதாகச் சொன்னார். அவர் முகம் முழுக்க மணிகள். யோகா எழுந்து போய், டீச்சரின் புருவத்திலிருந்து ஒரு மணியை எடுத்தாள். வந்துவிட்டது. இன்னொன்றை எடுத்தாள், அதுவும் வந்துவிட்டது. பேன் பார்ப்பதுபோல ஒவ்வொன்றாக எடுத்துப் பாவாடை மடியில் போட்டாள். டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு முகத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

எங்கள் கைக்கு மட்டும் மணி வருகிறது என்கிற செய்தி எப்படியோ பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. மறுநாள் தாளாளரின் டிரைவர் வந்து, ஐயா உடனே கூட்டிவரச் சொன்னார் என்று இருளாயியை அழைத்தான். துணைக்கு நானும் போனேன்.

மாதிரி அறை இருந்த இடத்தில் டேப்லெட் அலமாரி நின்றது, பஞ்சு பூத்த செடி மாதிரி. குலசேகரன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தலைமுடியில், மூக்குக்கண்ணாடியில், உதட்டில், பேசுகிறபோது நாக்கில்கூட மணி தெரிந்தது.

“வா இருளாயி. பழசெல்லாம் மனசுல வச்சுக்காத. நாளையிலேர்ந்து வேலைக்கு வந்துரு. ஒங்க ஆளுக எல்லாரையும் கூட்டிட்டு வா. டேப்லெட், கண்ணாடி, கிளாஸ் ரூம், எல்லாத்துலயும் ஒட்டியிருக்கற மணியக் கையால எடுத்துக் குடுத்துருங்க. பாப்பாவையும் திரும்பச் சேத்துக்கிறேன்.”

“வீட்டக் கட்டிக் குடுங்க சார், வாரோம்.”

“எந்த வீடு?”

“இடிச்ச வீடு.”

தாளாளருக்குக் கோபம் வந்தது. “இந்தா பாரு, கோர்ட் வரைக்கும் போயாச்சு. அங்க வீடே இல்லன்னு தாசில்தார் எழுதிக் குடுத்திருக்கார். படம் இருக்கு. அங்க ஒண்ணுமே இருந்ததில்ல.”

இருளாயி அவர் மேசைக்கு மிக அருகில் போனாள். குனிந்து அவர் முகத்தைப் பார்த்தாள். உதட்டோரத்திலிருந்த ஒரு மணியை விரல் நுனியால் எடுத்து, அவர் கண்ணுக்கு நேரே பிடித்தாள்.

“அப்ப, ஒங்க மூஞ்சியில ஒட்டியிருக்கறது என்னது சார்?”

அவர் வாயைத் திறந்தார். இருளாயி அந்த மணியை எடுத்த இடத்திலேயே திரும்ப ஒட்டிவிட்டு, “வாங்க குடக்காரரே, போவோம்” என்று என்னைக் கூப்பிட்டுக்கொண்டு வெளியே வந்தாள்.

அன்றிலிருந்து ஒரு மணியைக்கூட நாங்கள் யாரும் யாருக்காகவும் எடுப்பதில்லை. டவுனைச் சுத்தம் செய்ய அரசாங்கத்திடம் உதவி கேட்கப்போனார்களாம், இது என்ன பொருள், எந்த இடத்திலிருந்து வந்தது என்று எழுதிக் கொடுத்தால்தான் ஆகும் என்றார்களாம். அதை எழுதுவதற்கு எந்த அதிகாரிக்கும் இன்னும் கை வரவில்லை. நாங்கள் கொட்டகையில்தான் கிடக்கிறோம், பெண்கள் விடிவதற்குள் கருவேலங்காட்டுக்குத்தான் போகிறார்கள். டவுன்காரர்கள் ஒவ்வொரு வேளையும் சோற்றோடு எங்கள் சுவர்களைத் தின்றுகொண்டிருக்கிறார்கள்.

தின்னட்டும்.